கண்மாய் மீன்பிடிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் நடப்பிலிருக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்துவிட்டால், ஊர்க் கண்மாயிலும் இனி வலை வீசலாம் என்று கருதுவோர் உண்டு. அந்தத் தடை கடலுக்கானது. கெண்டையும் கெளுத்தியும் மழையைப் பார்த்தே முட்டையிடுகின்றன; ஆகவே அவற்றை விட்டுவைக்க வேண்டிய காலம், கடலில் தடை நீங்கிய பின் பெய்யும் மழையோடுதான் தொடங்குகிறது.

புதுவெள்ளம், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியாக இறங்கும்போது, சினை தள்ளிய வயிற்றோடு மீன்கள் எதிர்த்து ஏறும். மிகுநீர் வெளியேறும் கலிங்கிலும் வாய்க்காலிலும் கொசுவலையைக் குறுக்கே கட்டி அவற்றை வாரிக்கொள்வதையே தவறுகளில் பெரியதாக நான் கருதுகிறேன். கோடையில் நீர் வற்றும் தறுவாயில் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடி கருவிகளோடு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழாவைப் பலர் குறை சொல்கிறார்கள். எப்படியும் காய்ந்து போகும் நீரிலுள்ள மீனைப் பிடிப்பதால் வரும் கேடு, கொசுவலை கட்டுவதால் வரும் கேட்டைவிடக் குறைவே.

விரால் விஷயம் வேறு. குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்க, பெற்ற மீன் அடியில் காவல் நிற்கும். பசியில்லாவிட்டாலும் அருகில் வரும் எதையும் அது பாய்ந்து கடிக்கும் என்பதால், தூண்டிலில் எளிதாக மாட்டிக்கொள்கிறது. அதைத் தூக்கிய மறுநொடியே மற்ற மீன்கள் அந்தக் கூட்டத்தைத் தின்னத் தொடங்கிவிடும்.

மீன்பாசி குத்தகை, அதாவது கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, எடுத்தவர்கள் செய்யும் பிழை, கட்லா, ரோகு, மிருகால் ஆகியவை தாமாகவே பெருகும் என்று நம்புவது. தேங்கிய நீரில் அவை இனப்பெருக்கம் செய்வதில்லை. ஆண்டுதோறும் விரலளவு வளர்ந்த குஞ்சுகளான விரலிகளை விட்டாக வேண்டும். அவற்றோடு ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சேர்ப்பது அதைவிடப் பெரிய பிழை. அதன் வளர்ப்பை மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. காற்றையும் சுவாசித்து, கிடைத்ததையெல்லாம் விழுங்கும் அந்த மீன், ஒருமுறை நீர்நிலைக்குள் புகுந்துவிட்டால் அதை முற்றாக அகற்றுவது மிகக் கடினம்.

மீன் பிடிக்கத் தோட்டா (வெடி) வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். ஆனால் விடியலில் மீன்கள் செத்து மிதந்தாலே யாரோ நஞ்சு கலந்தார்கள் என்று முடிவுகட்டுவதும் சரியன்று. பாசி மண்டிய கண்மாயில் இரவெல்லாம் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்து, பொழுது புலரும் நேரத்தில்தான் மிகவும் தாழ்கிறது. முதல் நாள் விடியலில் மீன்கள் வாயைப் பிளந்து மேலே தத்தளித்தனவா என்பதையும் விசாரிக்க வேண்டும்.