ஐ.க்யூ. சோதனை: எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள்

டவுன் சிண்ட்ரோம், ஃப்ரஜைல் எக்ஸ் போன்ற மரபணுக் காரணங்களால் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களைச் சோதிக்கும்போது நடக்கும் தவறுகளில், என் பார்வையில் மிகப் பெரியது அடிமட்ட மதிப்பெண்ணை நம்புவதுதான். பெரும்பாலான ஐ.க்யூ. சோதனைகள் சராசரி 100, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து விலகிப் பரவும் அளவு) 15 என்ற கணக்கில் அமைந்தவை. பலவற்றில் 40-க்குக் கீழே எண்ணே கிடையாது. ஒரு கேள்விக்கும் விடை சொல்லாத குழந்தையும் சிலவற்றுக்குச் சரியாகச் சொன்ன குழந்தையும் அதே 40-இல் வந்து நிற்கலாம். ஓராண்டுப் பயிற்சியில் கிடைத்த முன்னேற்றமும் அதில் தெரியாமல் போகும். மூல மதிப்பெண்களையும், அதாவது வயதோடு ஒப்பிட்டு மாற்றுவதற்கு முன் சோதனையில் நேரடியாகப் பெற்ற மதிப்பெண்களையும், அறிக்கையில் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

சில ஆண்டுகளில் ஐ.க்யூ. 55-இலிருந்து 48-ஆகக் குறைந்தால் பெற்றோர் நொறுங்கிப்போகிறார்கள். இந்த எண் சம வயதினரோடு ஒப்பிட்டுப் போடப்படுவது. மூல மதிப்பெண் ஏறியிருந்தால் குழந்தை கற்றுக்கொண்டுதான் இருக்கிறது, வேகம்தான் குறைவு. மூல மதிப்பெண்ணே சரிந்திருந்தால் சும்மா இருக்கக் கூடாது: வலிப்பு, தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு அதிகம். அதோடு தொடர்புள்ள ஏ.பி.பி. மரபணு, இவர்களிடம் கூடுதலாக உள்ள 21-ஆம் குரோமோசோமில் இருப்பது முக்கியக் காரணம். பொதுவான மறதிநோய்ச் சோதனைகளின் வெட்டுப்புள்ளி, அதாவது நோய் இருக்கலாம் என்று கருதும் எல்லை மதிப்பெண், இவர்களுக்குப் பொருந்தாது. இளம் வயதிலேயே ஒரு முறை சோதித்து வைத்தால், பின்னாளில் அவரை அவரோடே ஒப்பிடலாம்.

மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதும் தவறு. வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்ற மரபணுக் குறைபாட்டில் பேச்சு ஒப்பீட்டளவில் நன்றாக இருக்கும், கட்டைகளை அடுக்கி வடிவம் அமைப்பது மிகக் கடினம். டவுன் சிண்ட்ரோமில் காதால் கேட்டதை நினைவில் வைப்பதுதான் சிரமம். கண்ணால் பார்த்தது அதைவிட எளிதாகப் பதியும். கூட்டி வகுத்தால் இந்த வேறுபாடுகள் மறைந்துவிடும், பாடம் சொல்லித்தருபவருக்கோ அவைதான் தேவை.

சோதனைக்கு முன் செவித்திறனையும் பார்வையையும் பரிசோதிக்காமல் விடுவது மன்னிக்க முடியாதது. டவுன் சிண்ட்ரோமில் காது கேட்பதில் குறை மிகச் சாதாரணம். ஃப்ரஜைல் எக்ஸ் குழந்தை கண்ணைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வது பதற்றத்தால் இருக்கலாம். அதை 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவது அநியாயம். ரெட் சிண்ட்ரோம் என்ற மரபணுக் குறைபாட்டில் பேச்சும் கைப்பயன்பாடும் பாதிக்கப்படுவதால், சுட்டிக்காட்டச் சொல்லும் சோதனையால் பயனில்லை. பார்வையால் விடை சொல்ல வழி வேண்டும்.

முப்பது வயதுக்காரரை 'ஐந்து வயது மனம்' என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். அவர் தனியாகக் குளிக்கிறாரா, பணம் எண்ணுகிறாரா, உதவி கேட்கத் தெரியுமா? 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு, குறைபாட்டின் தீவிரத்தை ஐ.க்யூ.வை வைத்தல்ல, இப்படிப்பட்ட அன்றாடத் திறன்களை வைத்தே பிரிக்கிறது. அன்றாடத் திறன்களை அளக்கும் வைன்லேண்ட் போன்ற மதிப்பீடு இல்லாத அறிக்கையை முழுமையானதாக ஏற்காதீர்கள்.