பனிமலை ஏறப் போகும் கொழும்புச் சிநேகிதர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் லீவுக்கு "ஸ்னோ பார்க்கப் போவோமா" என்று தொடங்கும் பேச்சு, இப்போதெல்லாம் மலை உச்சி வரை போய்விடுகிறது. கொழும்பிலிருந்து டில்லிக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து டேராடூன், பிறகு ஒரு முழுநாள் வாகன ஓட்டத்தில் சாங்ரி என்ற மலைக்கிராமம். உத்தராகண்டில் 3,810 மீட்டர் உயரமான கேதார்காந்தா உச்சிக்கு அங்கிருந்துதான் நடக்கத் தொடங்குவார்கள். கயிறு கட்டித் தொங்கும் வேலை இல்லை, வழிகாட்டியோடு நடந்தே ஏறலாம் என்பதால் முதன்முதலாகப் போகும் குழுக்கள் பலவும் அதைத் தேர்ந்தெடுக்கின்றன. தேர்வு நல்லதுதான். ஆனால் நடந்து ஏறலாம் என்பதை ஆபத்தில்லை என்று விளங்கிக்கொள்ளக் கூடாது.

"சிவனொளிபாத மலை ஏறினவங்கள்தானே நாங்கள்" என்ற நம்பிக்கையோடு பலர் கிளம்புகிறார்கள். அந்த மலை 2,243 மீட்டர். நல்லதண்ணிப் பக்கமாக இரவில் ஏறி, சூரிய உதயம் பார்த்து, வெயில் ஏறுவதற்குள் கீழே வந்துவிடுவோம். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். அதுவும் மேலே போய்ச் சேர்ந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மெல்லத் தொடங்கும். சிவனொளிபாத மலை உங்கள் முழங்காலைச் சோதிக்கும், மனத்தையும் சோதிக்கும். உயரத்தை உங்கள் உடல் எப்படித் தாங்கும் என்பதை அது சொல்லாது. இலங்கையின் மிக உயர்ந்த இடமான பீதுருதாலகாலையே 2,524 மீட்டர்தான். கேதார்காந்தா வழியில் வழக்கமாக முதல் இரவு கூடாரம் போடும் ஜூடா கா தாலாப் ஏரிக்கரை 2,770 மீட்டர் அளவில் இருக்கிறது. எங்கள் நாட்டில் எங்கே ஏறினாலும் எட்ட முடியாத உயரத்தில், முதல் இரவே படுத்துத் தூங்கப் போகிறீர்கள்.

காலிமுகத்திடலில் ஓடுவதும், வெள்ளவத்தை ஃப்ளாட் படிகளில் முதுகுப்பையோடு ஏறி இறங்குவதும் மிக நல்ல பயிற்சிகள். மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். ஆனால் உயர நோய்க்கு அந்தப் பயிற்சி கவசம் ஆகாது. ஜிம்முக்குப் போகிற கட்டுமஸ்தான பொடியன் படுத்துவிடுவான். மெதுவாக நடக்கும் அக்கா ஒன்றுமில்லாமல் ஏறிவிடுவார். உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன், கொழும்பில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதற்குப் பழக உடலுக்கு நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவான அறிவுரை. வழக்கமான திட்டத்தில் இரண்டாவது இரவு 3,400 மீட்டரைத் தாண்டிவிடும். கடற்கரையிலிருந்து போகும் எங்களுக்கு அது இறுக்கமான கணக்கு. சாங்ரியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கக் கேளுங்கள். செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

இனி, நான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக நினைக்கும் தவறு. சிநேகிதர்களோடு போகும்போது ஆட்கள் நோயை மறைக்கிறார்கள். முன்பின் தெரியாத குழுவில் என்றால் "எனக்குத் தலையிடி" என்று சொல்ல யாரும் யோசிப்பதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரியும் ஐந்து பேரில் ஒருவர், தன்னால் மற்ற நான்கு பேரின் பயணமும் கெட்டுவிடக் கூடாது என்று பனடோல் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். அன்பால்தான் அப்படிச் செய்கிறார். மலையில் அந்த அன்பு உயிருக்கே உலை வைக்கும்.

ஆகவே கொழும்பில் இருக்கும்போதே உட்கார்ந்து கதைத்து ஓர் ஒழுங்குக்கு வாருங்கள். ஒவ்வொரு மாலையும் குழுவில் ஒருவர் மற்ற ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும்: தலையிடி இருக்கிறதா, ஓங்காளிக்கிறதா, சாப்பாடு இறங்கியதா, தலை சுற்றுகிறதா? எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் எல்லோரும் "ஓகே" என்றுதான் சொல்வார்கள். தலையிடியோடு இவற்றில் இன்னொன்றும் சேர்ந்தால், அன்றைக்கு அவர் அதற்கு மேலே ஏறக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும். நேர்கோட்டில் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லும்போது தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும் வரை காத்திருக்கக் கூடாது. அந்த இரவே கீழே கொண்டுபோக வேண்டும். ஒருபோதும் தனியாக அனுப்பக் கூடாது. யார் நோயாளியோடு இறங்குவது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த நேரத்தில் அதைத் தீர்மானிக்கப் போனால் ஆளுக்காள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

டயமொக்ஸ் குளிசையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது உடல் பழகுவதைச் சற்று விரைவாக்கும், உண்மைதான். ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அவதானமாக இருக்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களும் அப்படித்தான். டொக்டரிடம் கேட்டே எடுங்கள். சிநேகிதர் கொடுத்தார் என்று வாங்கிப் போட வேண்டாம்.

அடுத்தது உடுப்பு. எங்கள் அலுமாரி முழுக்கப் பருத்திதான், இந்த வெக்கைக்கு அதுதான் சுகம். பனியில் பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பிலிருந்து சூட்டை இழுக்கும். உடலோடு ஒட்டும் உடுப்பு கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கட்டும். டெனிம் வேண்டவே வேண்டாம். நுவரெலியாவில் ஏற்றுமதியில் மிஞ்சிய நல்ல ஜக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கும், அங்கே ஒரு நடை போய்த் தேடலாம். இறகு நிரப்பியது என்றால் நனைந்தால் சூடு தராது, மேலே காற்றும் ஈரமும் புகாத ஒன்று வேண்டும்.

குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்குவதும் வெப்ப நாட்டுக்காரர்கள் செய்யும் தவறு. அரை மணி நேரத்தில் உள்ளே வியர்த்து நனைந்துவிடும். நின்றவுடன் அந்த ஈரமே உறைய வைக்கும். நடக்கத் தொடங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். ஓய்வுக்கு நிற்கும்போது உடனே ஜக்கெட்டைப் போட வேண்டும். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உடுப்பது இதற்குத்தான்.

சப்பாத்து புதிதாக வாங்கி நேரே மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள், விரல்கள் உள்ளே அசைய வேண்டும். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் மரத்துப்போகும். கையும் அப்படித்தான். ஃபோட்டோ எடுக்கக் கையுறையைக் கழற்றிக் கழற்றிப் போடுவார்கள். பெரிய கையுறைக்குள்ளே மெல்லியதாக ஒன்று போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

குளிர் கடித்த இடம் வெள்ளையாகும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். எங்கள் நிறத்துக்கு அது அப்படித் தெளிவாகத் தெரியாது. தோல் மங்கிச் சாம்பல் பூத்தது போல, மெழுகு பூசியது போல இருக்கும், தொட்டால் உணர்ச்சி இருக்காது. இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் மற்றவரின் மூக்கு, கன்னம், காது நுனியை அடிக்கடி பாருங்கள். அப்படி ஆனால் பனியால் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது. கையென்றால் அக்குளுக்குள் வைத்துச் சூடாக்குங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் வழிகாட்டியிடம் சொல்லிக் கீழே இறங்குங்கள்.

தாகமே தெரியாது, ஆனாலும் குடிக்க வேண்டும். தண்ணீர் மேற்பக்கத்திலிருந்துதான் உறையும் என்பதால் போத்தலைத் தலைகீழாக வையுங்கள், மூடி அடைக்காது. ஃபோனையும் டோர்ச்சின் பற்றரியையும் உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப்பனி சூரியனின் புறஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும், பல மணி நேரம் கழித்துத்தான் கண் மணல் விழுந்ததுபோல உறுத்தத் தொடங்கும். கூடாரத்துக்குள் காஸ் அடுப்போ கரியோ எரித்தால் வரும் காபன் மொனொக்சைட்டு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். சிநேகிதர் கூடினால் போத்தலும் வரும், தெரியும். குடித்தால் சூடாக இருப்பது போலத்தான் தோன்றும். உள்ளே இருக்கும் சூடு தோல் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். கீழே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உச்சிக்குப் போகும் நாளில் விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே கிளம்புவார்கள். சூரியன் ஏற ஏறப் பனி இளகிக் கால் புதையும், சரிவில் வழுக்கும். திரும்ப வேண்டிய நேரம் ஒன்றை வழிகாட்டியோடு முதல் நாளே குறித்து வையுங்கள். உச்சி கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்புங்கள். பெரும்பனி கொட்டிய மறுநாள் வழிகாட்டி போக வேண்டாம் என்றால் வாதாட வேண்டாம், பனிச்சரிவு ஆபத்து அப்போதுதான் அதிகம். திரும்பி இறங்குவது தோல்வி இல்லை. எவரெஸ்டில் 2016இல் ஜயந்தி குரு உதும்பால உச்சியைத் தொட்டு, அங்கே ஏறிய முதல் இலங்கையரானார். அவரோடு போன யொஹான் பீரிஸ் ஏறக்குறைய 8,400 மீட்டரில் திரும்பி இறங்கினார். 2018இல் மீண்டும் போய் உச்சியை அடைந்தார்.

திரும்பும் டிக்கெட்டை நெருக்கமாகப் போடுவதும் மலை உச்சியில் தவறான முடிவு எடுக்க வைக்கிறது. "திங்கட்கிழமை ஒஃபீஸ், இன்றைக்கே ஏறியாக வேண்டும்" என்ற அவசரம் வந்துவிடும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டில்லியில் மூடுபனியால் விமானங்கள் தாமதமாவது வழக்கம். இரண்டு நாளாவது மிச்சம் வைத்துப் போடுங்கள். பயணக் காப்புறுதி எத்தனை மீட்டர் வரை செல்லும், மீட்பு ஹெலிகொப்டர் செலவு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல காப்புறுதிகளில் உயரத்துக்கு எல்லை உண்டு. அப்புறம், வேறு நாடுகளில் மலையேறிகள் கொண்டுபோகும் செய்மதித் தொலைபேசியை, செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியைக்கூட, அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோவது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபடலாம். அதற்குப் பதிலாக, வழிகாட்டி நிறுவனத்தின் நம்பரையும் நீங்கள் சாங்ரிக்குத் திரும்பும் திகதியையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதுவரை ஃபோன் வராது என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.