கிராமத்தில் கண் முகாம்: முதல் முறை நடத்துகிறவருக்கு

இருபத்தாறு வருடம் மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்தேன். இப்போது அதே படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்: முகாமுக்கு ஒரு வாரம் முன்பே ஊருக்குப் போய்விடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் வெளிச்சமான அறையாகப் பார்த்து, ஆறு மீட்டர் நீளம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். பார்வை அட்டையை அந்தத் தூரத்தில்தான் மாட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆங்கில 'ஈ' எழுத்து நான்கு பக்கமும் திரும்பி நிற்கும் அட்டை இருக்கிறது. விரலால் திசை காட்டினால் போதும்.

நடவு, அறுப்பு நாட்களில் தேதி வைக்காதீர்கள். நான் ஒருமுறை வைத்தேன், பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

அப்புறம் பஸ். முகாமில் கண்புரை இருப்பதாகத் தெரிந்தவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ச் செய்யும் அறுவை சிகிச்சை இலவசம்தான். ஆனால் பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வரும் மகனின் ஒரு நாள் கூலி எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டியை வீட்டிலேயே உட்கார வைத்துவிடும். டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை முகாம்களில், நோயாளிகளைக் கூட்டிப்போவதும் சாப்பாடு போடுவதும் சிகிச்சையோடு சேர்ந்தவை. நீங்களும் அப்படியே திட்டமிடுங்கள்.

ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் முகாமிலேயே பார்த்துவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து, கண்ணாடி பவர் பார்க்க அதே ஊருக்குத் திரும்பப் போங்கள். அப்படிப் போனபோது ஒரு பாட்டி என் சட்டைப் பட்டன்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "அஞ்சு இருக்கு தம்பி, ஒண்ணு அறுந்துருக்கு" என்றார்.