புண்டஸ்லீகா இடைவேளையும் பனிமலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில், குளிர்கால இடைவேளை முடிந்து, ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீகான புண்டஸ்லீகா மறுபடி தொடங்கும்போது, ஆட்டம் பார்க்கக் கூடும் எங்கள் நண்பர் கூட்டத்தில் யாராவது ஒருவர் முழங்காலில் கட்டுடன் உட்கார்ந்திருப்பார். மியூனிக்குக்குப் படிக்கவும் வேலைக்கும் புதிதாக வரும் நம் பிள்ளைகள் ஆகஸ்டில் ஒரு அணியைப் பிடித்துக்கொள்கிறார்கள். டிசம்பரில் லீக் நின்றதும் ஸ்கீயை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆல்ப்ஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டிலும், நாங்கள் வந்த புதிதில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். கையுறை எடுத்துக்கொள், வெயில் கண்ணாடி போடு, அணியின் பாட்டைக் கற்றுக்கொள் என்பதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

டிசம்பரிலேயே கோப்பையைக் கொடுத்துவிடுவது

18 அணிகள், ஆளுக்கு 34 ஆட்டம். 17 ஆட்டம் முடிந்ததும் முதலிடத்தில் இருக்கும் அணியை இங்கே ‘ஹெர்ப்ஸ்ட்மைஸ்டர்’, அதாவது இலையுதிர்காலச் சாம்பியன் என்பார்கள். அதற்குக் கோப்பையும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் புது ரசிகர் அந்தப் பட்டத்தைப் பார்த்ததும் சீசனே முடிந்துவிட்டது என்று டிவியை அணைத்துவிடுகிறார்.

2022-23 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தார் உலகக் கோப்பைக்காக நவம்பர் நடுவிலேயே, 15 சுற்றோடு லீக் நின்றது. பயர்ன் மியூனிக் 34 புள்ளிகளுடன் முதலிடம். டோர்ட்முண்ட் 25 புள்ளிகளுடன் ஆறாமிடம். இனி அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை என்று எங்கள் கூட்டத்திலேயே பலர் சொன்னார்கள். ஜனவரியில் லீக் திரும்பியதும் டோர்ட்முண்ட் தொடர்ந்து எட்டு லீக் ஆட்டங்களை வென்றது. பயர்னோ முதல் மூன்று ஆட்டங்களிலும் 1-1. கடைசி நாள், 2023 மே 27, டோர்ட்முண்ட் இரண்டு புள்ளி முன்னிலையில் சொந்த மைதானத்தில் இறங்கியது. மைன்ஸுக்கு எதிராக ஒரு பெனால்ட்டியைத் தவறவிட்டு 2-2 என்று முடித்தது. அதே நேரம் கொலோனில் 89-வது நிமிடத்தில் ஜமால் முசியாலா அடித்த கோலால் பயர்ன் 2-1 என்று வென்றது. இரண்டு அணிக்கும் 71 புள்ளிகள்; கோல் வித்தியாசத்தில் பயர்ன் சாம்பியன். இடைவேளையோடு டிவியை அணைத்தவர்கள் இந்த ஐந்து மாதத்தையும் இழந்தார்கள்.

நோயர் விஷயத்தில் தவறான பாடம் படிப்பது

அந்த இடைவேளையில்தான் பயர்னின் கேப்டனும் கோல்கீப்பருமான மானுவல் நோயர் காலை உடைத்துக்கொண்டார். உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றோடு வெளியேறியிருந்தது. மனதைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்ள ஸ்கீ டூர் போன இடத்தில் வலது கீழ்க்கால் எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு வயது 36. சீசனின் மீதி முழுவதும் போயிற்று. 2023 அக்டோபர் இறுதியில்தான் மறுபடி ஆடினார். இடையில் கிளப் மென்ஷன்கிளாட்பாக்கிலிருந்து யான் சோமரை அவசரமாக விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஜனவரியில் கோல்கீப்பர் பயிற்சியாளர் போனார், மார்ச்சில் தலைமைப் பயிற்சியாளர் நாகெல்ஸ்மானும் போனார். எல்லாவற்றுக்கும் அந்தக் கால்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கிளப்பின் அடித்தளமே ஆடிய சீசன் அது.

இதைப் பற்றிப் பேசும்போது புதியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். பந்தாட்டக்காரன் பனிப் பக்கமே போகக்கூடாது என்பது ஒன்று. அவ்வளவு பெரிய விளையாட்டு வீரருக்கே இப்படி என்றால் நமக்கு நடப்பதும் நடக்கும், விதி என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. ஸ்கீ டூர் என்பது லிஃப்டில் ஏறி, இயந்திரம் விட்டுச் சமப்படுத்திய பாதையில் இறங்குவது அல்ல. ஸ்கீயின் அடியில் பின்னால் வழுக்காமல் பிடிக்கும் பட்டையை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலால் மலையேறி, பெரும்பாலும் யாரும் சமப்படுத்தாத பனியில் இறங்குவது. அங்கே பனிக்கு அடியில் கல் இருக்கலாம், அடிமரம் இருக்கலாம். ஸ்கீ ஆபத்தா இல்லையா என்று கேட்பதில் பயனில்லை. பாதையிலா, பாதைக்கு வெளியிலா என்று கேளுங்கள். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் அடுத்த தவறு நடக்கிறது.

கயிற்றைத் தாண்டிப் போவது

இந்த ஒன்றைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் ஒரு பிப்ரவரி காலை. இரவெல்லாம் பனி கொட்டி, காற்றும் அடித்து, காலையில் வானம் பளிச்சென்று வெளுத்திருந்தது. எங்களோடு வந்த தம்பி ஒருவன், இரண்டாவது குளிர்காலத்திலேயே சிவப்புப் பாதையில், அதாவது நடுத்தரக் கடினப் பாதையில், நன்றாக இறங்கப் பழகியவன், லிஃப்டில் தன் கைபேசியைக் காட்டினான். பனிச்சரிவு அபாய நிலை 3 என்று இருந்தது. “அண்ணா, அஞ்சுக்கு மூணுதானே, ஒண்ணும் ஆகாது” என்றான். பாதையின் எல்லையைக் காட்டும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே நாலைந்து தடங்கள் தெரிந்தன. போகாதே என்றோம். மதிய உணவுக்கு மலை உணவுக் குடிசைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, அவனும் இன்னொருவனும் கயிற்றைத் தாண்டினார்கள்.

நண்பன் மேலே நின்றிருக்க, இவன் நாலாவது திருப்பம் போட்டபோது சரிவு முழுவதும் பலகை மாதிரி விரிசல் விட்டு நகர்ந்தது. இழுத்துக்கொண்டு போய் இடுப்பளவு புதைத்துவிட்டு நின்றது. தலை வெளியே இருந்ததால் உயிர் பிழைத்தான். முழங்கால் தசைநார் கிழிந்தது. ஹெலிகாப்டர் வந்தது, அதற்குப் பல ஆயிரம் யூரோ பில்லும் பின்னால் வந்தது. எனக்கு இன்றுவரை ஆறாதது அந்தப் பணமோ காலோ அல்ல. இவனைத் தோண்டி எடுக்க வந்த மலைமீட்புக்காரர்கள், இன்னும் பாதி பனி தொங்கிக்கொண்டிருந்த அதே சரிவின் கீழே நின்று வேலை செய்தார்கள். பலர் சம்பளம் வாங்காமல் அந்தப் பணிக்கு வரும் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரி, அந்த 3-க்கு வருவோம். ஐரோப்பாவில் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை குறிக்கிறார்கள். நம் ஆட்கள் அதைப் பரீட்சை மார்க் மாதிரி படிக்கிறார்கள்: ஐந்துக்கு மூன்று என்றால் நடுத்தரம். அப்படியல்ல. ஒவ்வொரு படி ஏறும்போதும் அபாயம் ஒரே அளவில் கூடுவதில்லை, பல மடங்காகக் கூடுகிறது. 3 என்ற நிலைக்கு ஜெர்மனில் வைத்திருக்கும் பெயர் ‘குறிப்பிடத்தக்க அபாயம்’. ஒரே ஒரு ஆளின் எடையே சரிவைக் கிளப்பப் போதும் என்ற நிலை அது. சுவிட்சர்லாந்தில் டாவோஸில் இருக்கும் பனி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, குளிர்காலத்தில் சுமார் 30 சதவீத நாட்களில்தான் 3 அறிவிக்கப்படுகிறது. பனிச்சரிவு மரணங்களிலோ சுமார் பாதி அந்த நிலையில்தான் நடக்கின்றன. 4, 5 என்றால் ஆட்கள் பயந்து வீட்டில் இருக்கிறார்கள். 3 என்றால் வெயிலும் புதுப் பனியும் சேர்ந்து அழைக்கிறது, கிளம்பிவிடுகிறார்கள்.

இன்னும் சில விஷயங்கள், ஒவ்வொன்றும் இந்த மலைகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்தவை. உயிர் பறிக்கும் சரிவுகள் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள இடத்தில் உடைகின்றன. கண்ணால் பார்த்து அந்த அளவைச் சொல்லப் புதியவரால் முடியாது. முன்னால் போனவரின் தடம் எதற்கும் உத்தரவாதம் இல்லை. ஐந்தாவது ஆள் மிதித்த இடத்தில் உடைந்த சரிவுகள் உண்டு. சிக்குபவர்களில் மிகப் பெரும்பாலோர், தாங்களோ தங்கள் குழுவில் ஒருவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். எங்கோ தானாக உருண்டு வந்த பனி அல்ல அது. காலடியில் ‘வும்’ என்று ஒரு அமுங்கிய ஓசை கேட்டால் உள்ளே ஒரு அடுக்கு உடைந்திருக்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்ப வேண்டும்.

முழுக்கப் புதைந்தவர் உயிரோடு வர வேண்டுமானால் முதல் 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு பிழைக்கும் வாய்ப்பு செங்குத்தாக விழுகிறது. ஹெலிகாப்டர் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நேரத்துக்குள் வந்து தோண்டி முடிப்பது அரிது. கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும். அதற்கு இருவரிடமும் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் கம்பி, மண்வாரி மூன்றும் வேண்டும், பழகியும் இருக்க வேண்டும். எங்கள் தம்பியிடமும் அவன் நண்பனிடமும் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

பனிச்சரிவு மட்டும்தான் பிரச்சினை என்றும் நினைக்காதீர்கள். 2013 டிசம்பர் 29 அன்று பிரான்ஸின் மெரிபெலில் ஃபார்முலா 1 கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் தலையில் அடிபட்டது பாதைக்கு வெளியே, அதன் விளிம்பிலிருந்து சில மீட்டர் தூரத்தில்தான். ஹெல்மெட் போட்டிருந்தார், ஸ்கீயில் நல்ல அனுபவசாலி. பனிக்கு அடியில் கல் இருந்தது. பாதைக்குள் இருக்கும் கல்லை நிர்வாகம் அகற்றும் அல்லது அடையாளம் வைக்கும். கயிற்றுக்கு வெளியே இருக்கும் கல்லுக்கு யாரும் பொறுப்பில்லை.

வெளியே போக ஆசையா? மலையேறிகளின் அமைப்புகளான ஆல்பைன் சங்கங்கள் நடத்தும் பனிச்சரிவுப் பயிற்சியில் சேருங்கள், அப்புறம் வழிகாட்டியோடு போங்கள். டிரோலுக்கான பனிச்சரிவு அறிக்கை முந்தைய நாள் மாலை 5 மணிக்கே வந்துவிடும். எண்ணை மட்டும் பார்க்காமல், எந்தத் திசைச் சரிவு, எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் என்று கீழே எழுதியிருப்பதையும் படியுங்கள். அதுவரை கயிறு உங்களுக்குச் சுவர்.

வாடகைக் கடையில் பொய் சொல்வது

எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாம் கேட்டுத்தான் கடைக்காரர் பைண்டிங்கின், அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பூட்டின், இறுக்கத்தைத் திருகி வைக்கிறார். விழும்போது பூட்ஸ் எந்த விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பது அந்த எண்ணில் இருக்கிறது. நண்பர்கள் முன்னால் கெத்துக்காக ‘நன்றாக ஓட்டுவேன்’ என்று சொன்னால் இறுக்கம் கூடும். மெதுவாக முறுக்கி விழும்போது ஸ்கீ கழலாது, முழங்கால்தான் முறுக்கிக்கொள்ளும். எடையைக் குறைத்துச் சொன்னால் வேகத்தில் போகும்போதே கழன்றுவிடும். பூட்ஸையும் ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள். கால் உள்ளே ஆடினால் ஸ்கீ உங்கள் பேச்சைக் கேட்காது.

மேட்டுக்கு அடியில் நின்று செல்ஃபி எடுப்பது

மேலிருந்து வருபவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். ஓரத்தில் நில்லுங்கள்.

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் நடத்தை விதிகள் பத்து. அவற்றில் முக்கியமானது, முன்னால் கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை, பின்னால் வருபவர்தான் விலக வேண்டும் என்பது. ஆஸ்திரியாவில் இதெல்லாம் நீதிமன்றம் வரை போகும். 2009 ஜனவரி 1 அன்று ஜெர்மனியின் தூரிங்கியா மாநில முதல்வர் டீட்டர் அல்ட்ஹவுஸ் மோதியதில் ஒரு பெண் இறந்துபோனார். அல்ட்ஹவுஸும் பலத்த தலைக்காயத்தோடு கிடந்தார். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து அபராதம் விதித்தது.

கடைசியாக ஒரே ஒரு ரவுண்டு

கால் நடுங்கினால் லிஃப்டிலேயே கீழே வாருங்கள்.

உறைந்த ஏரியில் இறங்குவது

உள்ளூர் நிர்வாகம் திறந்துவிட்டதாக அறிவிக்கும்வரை வேண்டாம்.

காப்பீடு இல்லாமல் கிளம்புவது

மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவைச் சாதாரண மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது. ஆல்பைன் சங்க உறுப்பினர் கட்டணத்திலேயே மீட்புச் செலவுக்கான காப்பீடு சேர்ந்து வருகிறது.

ஆட்டம் நிச்சயம் நடக்கும் என்று நம்பிக் கிளம்புவது

2023 டிசம்பர் 2 அன்று மியூனிக்கில் கொட்டிய பனியில் விமான நிலையமே மூடியது. பயர்ன், யூனியன் பெர்லின் ஆட்டம் தள்ளிப்போய் ஜனவரி 24-ல்தான் நடந்தது. புல்தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய்கள் இருக்கின்றன, ஆடுவதற்குத் தடை இருக்காது என்று புதியவர்கள் வாதாடினார்கள். புல் நன்றாக இருந்து என்ன, ஆட்கள் வந்து சேர ரயில் ஓட வேண்டாமா? வீட்டிலிருந்து இறங்குவதற்கு முன்னால் கிளப்பின் அறிவிப்பையும் ரயில் நிலவரத்தையும் பாருங்கள். போனால், நின்று பார்க்கும் பகுதியில் காலுக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். குளிர் கான்கிரீட்டிலிருந்துதான் ஏறுகிறது.

புள்ளி அட்டவணையின் மேல் பாதியை மட்டும் பார்ப்பது

ஜனவரிக்குப் பிறகு உண்மையான ஆட்டம் கீழேதான். கடைசி இரண்டு அணிகள் நேராக இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். 16-வது அணி, இரண்டாம் பிரிவின் மூன்றாவது அணியோடு இரண்டு ஆட்டம் ஆடித் தன் இடத்தைக் காப்பாற்ற வேண்டும். 2022-23ல் அப்படி 16-வது இடத்தில் முடித்தது ஸ்டுட்கார்ட். ஹாம்பர்க்கை 3-0, 3-1 என்று வென்று பிழைத்தது. அடுத்த சீசனில் லெவர்குசன் ஒரு தோல்விகூட இல்லாமல் 90 புள்ளிகளுடன் சாம்பியன் ஆனபோது, 73 புள்ளிகளுடன் இரண்டாமிடம் வந்தது அதே ஸ்டுட்கார்ட்தான், பயர்னைவிட ஒரு புள்ளி மேலே. இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் 3:30 ஆட்டத்துக்கு, கீழே தத்தளிக்கும் இரண்டு அணிகள் மோதும் மைதானமாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். சீக்கிரம் கிடைக்கும், விலையும் குறைவு.