கெட்டில் தண்ணீருக்கு எத்தனை யூனிட்? 860-ஆல் வகுங்கள்

லிட்டரை ஏற வேண்டிய டிகிரியால் பெருக்கி 860-ஆல் வகுத்தால், தண்ணீர் சூடாக எத்தனை யூனிட் கரண்ட் போகும் என்று தெரிந்துவிடும், ஜூல் பக்கமே போக வேண்டாம். கோலாலம்பூரில் பைப் தண்ணீரே கிட்டத்தட்ட 30 டிகிரி, அதனால் கொதிக்க இன்னும் 70 ஏறினால் போதும். 1.7 லிட்டர் கெட்டிலை முழுக்க நிரப்பினால் 119, வகுத்தால் 0.14 யூனிட். இரண்டு கப் தேத்தண்ணிக்கு அரை லிட்டர் மட்டும் ஊற்றுங்கள், 0.04-தான்.

ஒரு கிலோ, அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற சுமார் 4.19 கிலோஜூல் வேண்டும் (தன்வெப்பக் கொள்ளளவு, பள்ளியில் பிள்ளைகள் மலாயில் ‘முவாத்தான் ஹபா தெந்து’ என்று படிப்பது இதுதான்). ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல், அதை 4.19-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 860.

எண்ணெய்க்கு இது சரிவராது, அதற்குத் தண்ணீரில் பாதி வெப்பம்கூடப் போதும். ஐஸ் உருகும்போதும் தண்ணீர் ஆவியாகும்போதும் உள்ளுறை வெப்பம் (டிகிரி ஏறாமல், நிலை மாறுவதற்கு மட்டும் போகும் வெப்பம்) தனிக்கணக்கு. கெட்டிலும் கொஞ்சம் சூட்டைத் தின்னும், ஆகவே மீட்டரில் சற்றுக் கூடவே ஓடும். அப்புறம், எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) தாளில் இந்த 860-ஐ எழுதி வைக்காதீர்கள், அங்கே 4.19 கிலோஜூலுக்குப் பதில் 4200 ஜூல் போட்டு வழிமுறையோடு காட்டினால்தான் மார்க்.