ஹெச்.ஓ.ஏ.வோடு தகராறா? வக்கீலுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

கலிஃபோர்னியாவில் டவுன்ஹவுஸோ காண்டோவோ வாங்கிய நம்மவர்கள், ஹெச்.ஓ.ஏ. என்ற வீட்டுக்காரர் சங்கத்திலிருந்து, அதாவது அசோசியேஷனிலிருந்து, ஒரு மிரட்டல் லெட்டர் வந்ததும் என்னிடம் கேட்பது, "நல்ல வக்கீல் யாராவது தெரியுமா?" நான் வீட்டுக்காரியாக அசோசியேஷனோடு வாதாடியவள். இப்போது அதை நடத்தும் குழுவான எங்கள் போர்டிலும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், வக்கீலுக்கு முன்னால் நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

வீடு வாங்கும்போது கொடுத்த சி.சி. அண்ட் ஆர். என்ற அசோசியேஷன் விதிமுறைக் கட்டைத் தேடி எடுத்து, உங்கள் பிரச்சினை தொடர்பான பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். எங்கள் பால்கனிப் பலகை உளுத்துப்போனபோது, மேனேஜ்மென்ட் கம்பெனி "உங்கள் பால்கனி, உங்கள் செலவு" என்று ஒரே வரியில் மெயில் அனுப்பிவிட்டது. கட்டைப் பிரித்துப் பார்த்தால், பால்கனி என்பது எங்கள் தனி உபயோகத்துக்கு விடப்பட்ட பொது இடம். அதை யார் பழுதுபார்ப்பது என்று எங்குமே எழுதவில்லை. அப்படி எழுதாத இடத்தில், கலிஃபோர்னியா சிவில் கோடில் அசோசியேஷன்களுக்கென்றே உள்ள டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டத்தின் 4775-ஆம் பிரிவு வருகிறது. அன்றாடப் பராமரிப்பு வீட்டுக்காரருடையது, பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் அசோசியேஷனுடையது. அந்த ஒரு பிரிவுதான் எங்கள் வழக்கு முழுவதும்.

எதுவாக இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். நீச்சல்குளத்தோரம் போர்டு பிரசிடென்ட் தலையாட்டியதெல்லாம் கணக்கில் வராது. பொதுக்கூட்டக் குறிப்புகள், செலவுக் கணக்கு, கான்ட்ராக்ட் எல்லாவற்றையும் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நடப்பு நிதியாண்டுக் கணக்கை 10 வேலைநாளில் தர வேண்டும், முந்தைய இரண்டு ஆண்டுகளுடையதை 30 நாளில். காரணமில்லாமல் மறுத்தால், மறுத்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் கோர்ட் 500 டாலர் வரை அபராதம் போடலாம்.

அப்புறம், பலருக்கும் தெரியாத ஒன்று: ஐ.டி.ஆர்., அதாவது தகராறைக் கோர்ட்டுக்குப் போகாமல் அசோசியேஷனோடு நேரில் பேசித் தீர்க்கும் பேச்சுவார்த்தை. "சிவில் கோட் 5900 முதலான பிரிவுகளின்படி ஐ.டி.ஆர். கூட்டம் கோருகிறேன்" என்று ஒரு கடிதம் எழுதினால் போதும். நீங்கள் கேட்டால் அசோசியேஷன் வந்தே ஆக வேண்டும், கட்டணமும் கிடையாது. எங்கள் கூட்டத்துக்கு உளுத்த பலகையின் படங்கள், அந்த ஒரு வரி மெயில், 4775-இன் பிரின்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். எதிரே உட்கார்ந்த போர்டு மெம்பரும் பக்கத்துக் கட்டடத்து வீட்டுக்காரர்தான், அந்தப் பிரிவை அன்றுதான் முதல்முறையாகப் படித்தார். பேசி முடித்ததை அங்கேயே எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்தான ஒப்பந்தத்தைத்தான் பிறகு கோர்ட்டில் அமல்படுத்த முடியும்.

ஃபைன் போட்டிருந்தால் வேறு வழி. ஹியரிங்குக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். ஹியரிங்குக்கு முன்பே குறையைச் சரிசெய்துவிட்டால் ஃபைன் போட முடியாது. 2025 ஜூலையிலிருந்து, உடல்நலமோ பாதுகாப்போ சம்பந்தப்படாத மீறலுக்கு 100 டாலர்தான் உச்சம்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: கோபத்தில் மாதச் சந்தாவை மட்டும் நிறுத்தாதீர்கள். பாக்கி 1,800 டாலரைத் தொட்டாலோ 12 மாதத்தைத் தாண்டினாலோ வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோகும் அதிகாரம் அசோசியேஷனுக்கு வந்துவிடும். "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று எழுதிக் கட்டிவிட்டு, பிறகு சிறிய தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் திரும்பக் கேளுங்கள். அங்கே தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம். இரண்டு தரப்புக்கும் வக்கீல் கிடையாது.

பெரிய கோர்ட்டில் விதிகளை அமல்படுத்தக் கேட்டு வழக்குப் போடுவதாக இருந்தால், பொதுவாக அதற்கு முன் மத்தியஸ்தத்துக்கு முயற்சி செய்திருக்க வேண்டும். கோரிக்கை கிடைத்த 30 நாளுக்குள் எதிர்த்தரப்பு பதில் தராவிட்டால் மறுத்ததாகவே அர்த்தம். வக்கீலைத் தேட வேண்டிய நேரம் இது. முதல் சந்திப்பிலேயே அவரிடம் செலவுக் கணக்கைக் கேளுங்கள். சி.சி. அண்ட் ஆர். வழக்கில் தோற்றவர், ஜெயித்தவரின் வக்கீல் ஃபீஸையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.