நெஸ்டட் விஎம்முக்கு மெமரி: கேக்குறப்ப மட்டும் குடுக்கிறது எப்படி

வேலூர் காந்தி ரோடு பக்கம் லாட்ஜ்ல தங்கினவங்களுக்கு தெரியும், ஆஸ்பத்திரிக்கு வர்ற குடும்பங்க ரூம்லயே சமைப்பாங்க, ஆனா எல்லா ரூம்லயும் அடுப்பை போட்டு வெச்சிக்கினு இருந்தா கட்டுப்படியாவாது, அதனால கேட்டவங்களுக்கு எடுத்து குடுத்துட்டு காலி பண்றப்போ திரும்ப வாங்கிப்பாங்க. 2020 டிசம்பர்ல வந்த லினக்ஸ் 5.10ல, விஎம் (கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேராவே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டுற கேவிஎம்மோட ஏஎம்டி சிப் கோடு இப்படித்தான் மாறிச்சு, விஎம்முக்குள்ள இன்னொரு விஎம் (நெஸ்டட்) ஓட்டத் தேவையான மெமரியை கேக்குறப்ப மட்டும் குடுக்குது. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு விசிபியு (விஎம்முக்கு காட்டுற சிபியு) உருவாகும்போதே ஹெச்சேவ் பேஜ் (உள்ள விஎம்முக்கு போறப்ப வெளி விஎம்மோட நிலையை சேமிக்கிற இடம்) 4 கேபி, நெஸ்டட் எம்எஸ்ஆர் பிட்மேப் (சிபியுவோட எந்தெந்த எம்எஸ்ஆர் ரெஜிஸ்டரை தடுக்கணும்னு சொல்ற பிட் பட்டியல்) 8 கேபி எடுத்துடும். நெறைய கெஸ்ட் (ஹோஸ்ட் மெஷின் மேல ஓடுற விஎம்) தனக்குள்ள இன்னொரு விஎம்மே ஓட்டாது, அத்தனையும் வீண்.

நீங்க இந்த மாதிரி கோடு எழுதும்போது கெஸ்ட் கேக்குறதை முதல்ல எங்க புடிக்கணும்னு பாருங்க. ஈஎஃப்இஆர்ங்கிற சிபியு ரெஜிஸ்டர்ல 12வது பிட், எஸ்விஎம்இ (விஎம் ஓட்டுற வசதிக்கான சுவிட்ச்), அதை ஆன் பண்ணாம கெஸ்ட்டால விஎம்ரன் (விஎம்மை ஓட்டுற இன்ஸ்ட்ரக்ஷன்) போட முடியாது, அந்த ரைட் எப்படியும் நம்ம கேவிஎம்கிட்ட வந்துதான் போவும், அங்கேயே அலொகேட் பண்ணுங்க. கெஸ்ட் ஈஎஃப்இஆரை பல தடவ எழுதும், ஏற்கெனவே குடுத்தாச்சானு ஒரு ஃபிளாக் கட்டாயம் வேணும், இல்லன்னா லீக்.

பிட்மேப்பை பூஜ்யமா விட்டுடாதீங்க, முழுசா 0எக்ஸ்எஃப்எஃப் நிரப்புங்க. பிட் 0ன்னா தடுக்காதேன்னு அர்த்தம், உள்ள இருக்கிற எல்2 கெஸ்ட் (விஎம்முக்குள்ள ஓடுற விஎம்) நேரா ஹோஸ்ட்டோட எம்எஸ்ஆரை தொட்டுடும். நான் ரொம்ப பயப்படுறது இந்த இடத்துக்குத்தான்.

மெமரி கிடைக்கலன்னா பழைய ஈஎஃப்இஆர் மதிப்பை திரும்ப வெச்சிட்டு, பாதி எடுத்ததை விடுவிச்சிட்டு, யூசர்ஸ்பேஸுக்கு (விஎம்மை ஓட்டுற ஹோஸ்ட் புரோகிராமுக்கு) ஈநோமெம், அதாவது மெமரி இல்லன்னு சொல்ற எரர், குடுங்க. கெஸ்ட் மேல ஜிபி ஃபால்ட் (தப்பான வேலை பண்ணினா சிபியு குடுக்கிற எரர்) போடாதீங்க, அது ஒரு தப்பும் பண்ணல.

திரும்ப வாங்குறதுலதான் கவனம் வேணும். எஸ்விஎம்இ ஆஃப் ஆனா முதல்ல எல்2வை விட்டு வெளிய வாங்க, அப்புறம் ஃப்ரீ. ஆனா விசிபியு எஸ்எம்எம்ல (ஃபர்ம்வேர் வேலைக்காக சிபியு தற்காலிகமா போற தனி மோடு) இருந்தா அந்த மெமரியை ஃப்ரீ பண்ணாதீங்க, அது முடிஞ்சதும் அதே எல்2வுக்குத்தான் திரும்பும். மருந்து வாங்க கீழ போனவங்க அடுப்பை தூக்கின மாதிரி ஆயிடும். விசிபியு அழியுறப்பவும் ஃப்ரீ பண்ண மறக்காதீங்க.

டெஸ்ட்டுக்கு அலொகேட் பண்ற இடத்துல ஒரு ட்ரேஸ்_பிரிண்ட்கே (கெர்னல் ட்ரேஸ்ல ஒரு லைன் எழுதுற ஃபங்ஷன்) போடுங்க, 4 விசிபியு கெஸ்ட்டை அதுக்குள்ள கேவிஎம்_ஏஎம்டி மாட்யூலை பிளாக்லிஸ்ட் பண்ணி (தானா ஏறாம தடுத்து) பூட் பண்ணா ஒரு லைனும் வரக்கூடாது, மாட்யூலை ஏத்தி உள்ள ஒரு விஎம் ஸ்டார்ட் பண்ணா 4 லைன் வரணும்.